ஒரே தாளில் எட்டுக் கைகள்

"ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்பர் நம் பெரியோர். ஒருவரால் ஆகாத பெருங்காரியமும் பலர் கைகொடுத்தால் ஆகிவிடும் என்பது அதன் பொருள். ஆனால் தேரோட்டத்தை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். வடம் பிடிப்பவர்கள் மட்டும் இருந்தால் தேர் நிலைக்கு வந்து சேராது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு நடப்பவர்கள் வேண்டும். எப்போது இழுப்பது, எப்போது நிறுத்துவது என்று குரல் கொடுப்பவர் வேண்டும். இவர்கள் இல்லாமல் நூறு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறி நிற்கும்!

இன்று இணையத்திலும் இப்படிப் பல தேர்கள் ஓடுகின்றன. வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் ஒரே கட்டுரையை ஒன்றாக எழுதுகிறார்கள். ஒரே கணக்கை ஒன்றாகப் போடுகிறார்கள். ஒரே படத்தை ஒன்றாக வரைகிறார்கள். பலர் கூடி வேலை செய்ய இணையத்தில் அமைக்கப்படும் இத்தகைய இடத்தைக் 'கூட்டுப் பணியிடம்' எனலாம். அதை எவ்வாறு வடிவமைக்கிறார்கள், அதில் முட்டுக்கட்டை போடுபவர் யார், குரல் கொடுப்பவர் யார் என்பதை இக்கட்டுரையில் காண்போம். இதைப் பற்றி எழுத எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு வெட்கக் கதை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காணாமற்போன மூன்று பக்கங்கள்

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, காலாண்டு விடுமுறையில் 'நம் ஊர்க் குளங்கள்' என்ற தலைப்பில் ஒரு செயல்திட்டம் செய்யும்படி சமூக அறிவியல் ஆசிரியை கூறினார்கள். எட்டுப் பேர் கொண்ட எங்கள் குழுவுக்கு நான் தலைவி. விடுமுறையில் ஆளுக்கொரு திசையில் இருப்போம் என்பதால், எல்லோரும் திறந்து எழுதக்கூடிய ஓர் ஆவணத்தை இணையத்தில் உருவாக்கினோம். அப்பாவின் கைப்பேசி, அக்காவின் மடிக்கணினி, மாமாவின் கைப்பேசி என்று யார் யார் பொருளிலோ எங்கள் எழுத்து வளர்ந்தது. வரத்துக் கால்வாய், மதகு, கலிங்கு, கரையில் நிற்கும் மரங்கள் என்று ஆளுக்கொரு பகுதி. பதினான்கு பக்கங்கள் ஆயின. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பள்ளி திறப்பதற்கு முதல்நாள் காலையில் ஆவணத்தைத் திறந்தேன். மதகைப் பற்றிய மூன்று பக்கங்களைக் காணோம்! கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் என் உயிர்த்தோழியின் பெயர் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில், குழுவினர் அனைவரும் படிக்கும் இடத்திலேயே, "மூன்று பக்கத்தையும் அழிக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று எழுதிவிட்டேன். "நான் இரண்டு எழுத்துப்பிழையைத்தான் திருத்தினேன்" என்று அவள் பதில் எழுதினாள். நான் நம்பவில்லை. அதன்பின் அவள் எழுதவில்லை.

மறுநாள் கணினி ஆசிரியையிடம் ஓடினேன். அவர்கள் சிரித்துக்கொண்டே அந்த ஆவணத்தின் 'பதிப்பு வரலாறு' என்ற பகுதியைத் திறந்தார்கள். எந்த நாளில், எந்த மணிக்கு, யார் எதை எழுதினார், எதை நீக்கினார் என்பதெல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. மூன்று பக்கங்கள் நீங்கியது சனிக்கிழமை இரவு எட்டுப் பத்துக்கு. நீக்கியவர் பெயர், என் அப்பாவின் பெயர்! அப்பாவின் கைப்பேசியில் எழுதியது நான்தானே? அப்போதுதான் நினைவு வந்தது. மதகுப் பகுதியைக் கடைசியில் வைக்கலாம் என்று அதை வெட்டி எடுத்தேன். அதற்குள் சித்தி தொலைபேசியில் அழைத்தார்கள். பேசி முடித்துவிட்டு, வெட்டியதை ஒட்ட மறந்து, வேறு ஒன்றைப் பிரதி எடுத்தேன். அவ்வளவுதான், பக்கங்கள் போயின.

ஆசிரியை ஒரு பொத்தானை அழுத்தினார்கள். மூன்று பக்கங்களும் ஒரு நொடியில் திரும்பி வந்தன. என் தோழி பழையபடி என்னோடு பேச ஒரு வாரம் ஆயிற்று.

தொண்ணூறு நிமிடக் காட்சி

அன்றிலிருந்து, "இப்படிப்பட்ட இடத்தை முதலில் யார் நினைத்தார்கள்?" என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். கதை 1968ஆம் ஆண்டுக்குப் போகிறது. அந்நாளில் ஒரு கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். கணக்குப் போடுவதுதான் அதன் வேலை என்று பெரும்பாலோர் எண்ணினர். ஆனால் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அமெரிக்க அறிஞர், மனிதர்கள் கூடிச் சிந்திப்பதற்குக் கணினி உதவ வேண்டும் என்று எண்ணினார்.

1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஏறத்தாழ ஆயிரம் பேர் முன்னிலையில் தொண்ணூறு நிமிடக் காட்சி ஒன்றை அவர் நடத்தினார். இன்று நாம் கையில் பிடிக்கும் 'மவுஸ்' என்னும் சுட்டி அன்று அந்த மேடையில் காட்டப்பட்டது. காட்சியின் ஒரு கட்டத்தில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க் என்ற ஊரில் இருந்த அவருடைய உடன்பணியாளர் பில் பாக்ஸ்டனின் முகம் திரையின் ஒரு மூலையில் தோன்றியது. இருவரும் ஒரே எழுத்தைப் பார்த்தபடி பேசினர். இருவருடைய சுட்டிகளும் ஒரே திரையில் நகர்ந்தன. நம் அம்மாக்களில் பலர் பிறப்பதற்கு முன்பே நடந்தது இது!

தொலைவில் உள்ளவரின் முகமும் குரலும், இருவர் கண்ணுக்கும் தெரியும் ஒரே தாள் ஆகிய மூன்றும் அன்றே கூட்டுப் பணியிடத்தின் அடித்தளம் ஆயின.

இத்துறைக்குப் பெயர் கிடைத்தது 1984இல். ஐரீன் கிரைஃப் என்ற பெண்மணியும் பால் கேஷ்மன் என்பவரும் ஒரு பயிலரங்கைக் கூட்டி, 'கணினி துணைசெய்யும் கூட்டுப்பணி' என்று பொருள்படும் பெயரை இட்டனர். ஐரீன் கிரைஃப், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆவார். அவர் அப்பட்டத்தைப் பெற்றது 1975இல். கணினி என்றால் ஆண்பிள்ளைகள் படிப்பு என்று யாராவது சொன்னால், தோழியரே, இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இருவர் ஒரே நேரத்தில் எழுதினால்?

ஒரே ஆவணத்தில் இருவர் ஒரே நொடியில் எழுதினால் குழப்பம் வராதா என்ற ஐயம் எழுவது இயல்பே. இதற்குப் பழைய வழி பூட்டு. ஒருவர் எழுதும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். வகுப்புக்கு ஒரே நோட்டுப் புத்தகம் இருந்து, ஒருத்தி எழுதும்போது மற்றவர்கள் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதைப் போன்றது அது. குழப்பம் வராது, வேலையும் நகராது.

1989இல் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் ஆகிய இருவர் வேறொரு வழி கண்டனர். அதைப் புரிந்துகொள்ள நம் காலை வணக்கக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கிறோம். "ஏழாவதாக நிற்பவளை அனுப்பு" என்று சிஸ்டர் ஒரு சிறுமியிடம் சொல்லி அனுப்புகிறார்கள். அவள் ஓடி வந்து சேர்வதற்குள் மூன்றாவதாக நின்றவள் மயக்கம் என்று நிழலில் போய் உட்கார்ந்துவிட்டாள். வரிசை முன்னே நகர்ந்துவிட்டது. சிஸ்டர் மனத்தில் நினைத்த மாணவி இப்போது ஆறாவதாக நிற்கிறாள். சொன்னதைச் சொன்னபடியே செய்தால் தவறான ஆள் போய் நிற்பாள். செய்தி கொண்டுவந்த சிறுமி கெட்டிக்காரியாக இருந்தால், "நடுவில் ஒருத்தி போய்விட்டாள், ஆகவே ஏழை ஆறாக மாற்றிக்கொள்ள வேண்டும்" என்று எண்ணிச் சரியானவளை அழைத்துப் போவாள்.

கணினியும் இதைத்தான் செய்கிறது. எழுத்துகள் வரிசையில் நிற்கும் மாணவிகள். நான் ஏழாவது எழுத்தை மாற்றச் சொல்லும்போதே என் தோழி மூன்றாவது எழுத்தை நீக்கினால், என் கட்டளையின் எண்ணைக் கணினி திருத்திக்கொள்கிறது. இருவரும் பூட்டின்றி எழுதலாம். இறுதியில் இருவர் திரையிலும் ஒரே எழுத்து நிற்கும். இன்று பல பகிர்வு ஆவணங்களுக்குள் இத்தகைய கணக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நொடி நடந்துகொண்டிருக்கின்றன.

உப்புப் போட்டாயிற்றா?

எழுத்து குழம்பாமல் இருந்தால் போதுமா? மனிதர்கள் குழம்பாமல் இருக்க வேண்டாமா?

எங்கள் வீட்டில் விருந்து என்றால் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே அடுக்களையில் நின்று சமைப்பார்கள். அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் குழம்பில் யார் உப்புப் போட்டார், எந்த அடுப்பில் பால் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். கண்ணெதிரே நடப்பதால் தெரிகிறது. அதே இருவரை வெவ்வேறு அறையில் நிறுத்தி ஒரே குழம்பை வைக்கச் சொன்னால், ஒன்று இரண்டு முறை உப்பு விழும். அல்லது உப்பே விழாது.

1992இல் பால் டூரிஷ், விக்டோரியா பெலோட்டி என்ற ஆய்வாளர்கள் இக்கருத்தையே ஆராய்ந்து எழுதினர். கூடிப் பணி செய்பவர்க்கு மற்றவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்ற உணர்வு வேண்டும். "நான் இதைச் செய்தேன்" என்று ஒவ்வொருவரும் தனியே அறிக்கை எழுதுவதைவிட, வேலை நடக்கும் இடத்திலேயே அது தானாகத் தெரிவது நல்லது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆவணத்தில் ஒவ்வொருவரின் சுட்டியும் ஒவ்வொரு வண்ணத்தில், பெயரோடு நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக வைத்ததன்று; அடுக்களையில் பெரியம்மாவின் கையைப் பார்ப்பது போன்றதே அது.

ஆனால் இதிலும் அளவு வேண்டும். எங்கள் குழுவில் ஒருத்திக்கு 'ற'வும் 'ர'வும் தடுமாறும். தான் எழுத எழுத ஏழு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவள் எழுதுவதையே நிறுத்திவிட்டாள். ஆகவே நல்ல பணியிடத்தில் எல்லோரும் பார்க்கும் கூடமும் வேண்டும். தனியே கிறுக்கிப் பார்க்க ஒரு மூலையும் வேண்டும்.

ஏழு வாசல்களும் ஒரு திறந்த கதவும்

யாரை உள்ளே விடுவது என்பது அடுத்த கேள்வி. இதற்கு உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

2000ஆம் ஆண்டு ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ஆகியோர் 'நுபீடியா' என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினர். அறிஞர்கள் எழுத வேண்டும்; ஏழு படிகளில் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் முதல் ஆண்டில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட கட்டுரைகளே ஏழு வாசல்களையும் கடந்து வந்தன.

அதற்கு முன்னரே, 1995 மார்ச் 25 அன்று, வார்டு கன்னிங்காம் என்ற நிரலர் வேறுவகையான இணையதளம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அதன் பக்கங்களைப் படிப்பவர் எவரும் அங்கேயே திருத்தவும் செய்யலாம். ஹவாய்த் தீவின் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. ஹோனலூலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' என்ற பேருந்தின் நினைவாக அவர் தம் தளத்திற்கு அப்பெயரை வைத்தார். வேல்ஸும் சாங்கரும் இம்முறையைக் கையாண்டு 2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியாவைத் தொடங்கினர். ஓராண்டு முடிவதற்குள் அதில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் குவிந்துவிட்டன.

"எல்லோரையும் உள்ளே விட்டால் கெடுப்பவர்கள் வரமாட்டார்களா?" என்று கேட்கலாம். வருவார்கள். ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வெள்ளையடித்த சுவரில் கரியால் கிறுக்க ஒரு நிமிடம் போதும்; அதை மீண்டும் வெள்ளையடிக்க அரைநாள் வேண்டும். ஆகவே ஊரில் கிறுக்குபவனே வெல்கிறான். விக்கியில் இது தலைகீழ். ஒவ்வொரு பக்கத்தின் பழைய வடிவங்கள் எல்லாம் வரலாற்றில் இருப்பதால், அரைமணி உட்கார்ந்து கெடுத்ததை இன்னொருவர் ஒரு நொடியில் பழையபடி ஆக்கிவிடலாம். கெடுப்பதைவிடச் சரிசெய்வது எளிது என்ற இந்த ஒன்றே திறந்த கதவைக் காக்கும் முட்டுக்கட்டை.

நம் ஆலமரத்தடி

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் அவர்கள் தொடக்க காலத்திலிருந்தே அதில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியிருக்கிறார்கள். 2017இல் அது ஒரு லட்சம் கட்டுரைகளை எட்டியது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வெளிநாடுகளிலும் வாழ்பவர்கள், பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரில் பாராதவர்கள், ஊதியம் பெறாமல் எழுதியவை அவை.

அதன் பக்கத்தைத் திறந்து மேலே பாருங்கள். 'தொகு' என்பதை அழுத்தினால் எழுதலாம். 'வரலாறு' என்பதை அழுத்தினால் யார் எப்போது என்ன மாற்றினார் என்று காணலாம். 'உரையாடல்' என்ற பகுதி ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியே உண்டு. இச்சொல் சரியா, இவ்வாண்டு சரியா என்ற வாதங்கள் எல்லாம் அங்கே நடக்கும்; கட்டுரை மட்டும் அமைதியாக இருக்கும். எழுதிப் பழக விரும்பும் புதியவருக்கு 'மணல்தொட்டி' என்று ஓர் இடம். மணலில் எழுதி அழித்துத்தானே நம் முன்னோர் எழுத்துப் பழகினர்! எல்லோருக்கும் பொதுவான செய்திகளைப் பேசும் இடத்திற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆலமரத்தடி'. இப்பெயரைப் பார்த்ததும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று. பணியிடம் என்பது எழுதும் தாள் மட்டுமன்று. உட்கார்ந்து பேச ஒரு மரநிழலும் அதற்கு வேண்டும் என்பதை அப்பெயர் சொல்லிவிடுகிறது.

எங்கள் குழு தவறியது இங்கேதான். எங்களுக்குத் தாள் இருந்தது, ஆலமரத்தடி இல்லை. "மதகுப் பகுதியை இடம் மாற்றப் போகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நான் அதைச் செய்திருந்தால், "நீயே மாற்றுகிறேன் என்றாயே" என்று மறுநாள் ஒருத்தி நினைவுபடுத்தியிருப்பாள்.

வரலாறு மட்டும் போதாது

இருப்பினும் திறந்த கதவினால் துன்பமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2005 மே மாதத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி ஒருவர் பொய்யான கட்டுரை எழுதினார். கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பு இருக்கலாமென்று சந்தேகிக்கப்பட்டதாக அதில் இருந்தது. கொடிய பொய். அது ஏறத்தாழ நான்கு மாதம் அப்படியே நின்றது. திருத்துவது எளிதுதான், ஆனால் அப்பக்கத்தைக் கவனிக்க யாரும் இல்லையே! சீகன்தாலர் இதைப் பத்திரிகையில் எழுதிய பின்னர், அவ்வாண்டு டிசம்பரில் ஒரு விதி வந்தது. பதிவு செய்து உள்ளே வருபவரே ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய பக்கத்தைத் தொடங்கலாம் என்பதே அது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? வரலாறு இருந்தால் மட்டும் போதாது. அதைத் திறந்து பார்க்கும் கண்களும் வேண்டும். விக்கிப்பீடியாவில் 'அண்மைய மாற்றங்கள்', 'கவனிப்புப் பட்டியல்' என்ற இரண்டு பகுதிகள் இருப்பது இதற்காகவே. இன்னார் பக்கத்தை இன்னார் கவனித்துக்கொள்வது என்று ஏற்படும்போதுதான் திறந்த வீடு காவலுள்ள வீடாகிறது.

உழைப்பது யார்? பெயர் பெறுவது யார்?

எனக்கு மிகவும் உறைத்த செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். 1988இல் ஜொனாதன் கிரூடின் என்ற ஆய்வாளர், குழுக்களுக்காக ஆக்கப்படும் கணினிக் கருவிகள் ஏன் தோற்கின்றன என்று ஆராய்ந்தார். அவர் கண்ட முக்கியக் காரணம் இது: கூடுதல் வேலை ஒருவருக்கு, பயன் வேறொருவருக்கு என்று ஆகிவிடுகிறது. அலுவலகத்தில் எல்லோரும் தம் நாட்குறிப்பைக் கணினியில் எழுதி வைத்தால், கூட்டம் கூட்டும் மேலாளருக்கு மிகவும் வசதி. ஆனால் தினமும் உட்கார்ந்து எழுதுபவர்களுக்கு என்ன லாபம்? ஆகவே அவர்கள் எழுதுவதில்லை, கருவி வீணாகிறது.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. குழுத் தலைவி என்ற முறையில், "தினமும் எவ்வளவு எழுதினீர்கள் என்று இந்த அட்டவணையில் குறிக்க வேண்டும்" என்று நான் ஒரு கட்டளை இட்டிருந்தேன். ஏழு பேரில் ஒருவரும் குறிக்கவில்லை. சோம்பேறிகள் என்று திட்டினேன். அந்த அட்டவணை யாருக்குப் பயன்பட்டது? எனக்கு மட்டுமே.

ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. எங்கள் குழுவில் விடுதித் தோழி ஒருத்தி இருந்தாள். அவளிடம் கைப்பேசி இல்லை. ஊரில் அவள் வீட்டிலும் இணைய வசதி இல்லை. விடுமுறைக்கு முன்பே அவள் விடுதித் தோட்டக்காரத் தாத்தாவையும் சமையற்கார அம்மாவையும் கேட்டுக் கேட்டு, எந்தக் குளம் எந்த மழையில் உடைந்தது, மதகை யார் திறப்பார், தண்ணீரை எப்படி முறை வைத்துப் பங்கிட்டனர் என்றெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி என்னிடம் தந்துவிட்டு ஊருக்குப் போனாள். அதை நான் தட்டச்சுச் செய்தேன். காணாமற்போன மூன்று பக்கங்களும் அவள் எழுதியவைதாம்.

கணினி ஆசிரியை அன்று பதிப்பு வரலாற்றைத் திறந்தபோது எல்லோர் பெயரும் அதில் இருந்தன. அவள் பெயர் மட்டும் இல்லை. வெயிலில் தோட்டத்தில் நின்று கேட்டவள் அவள்; வரலாற்றில் நின்ற பெயர் என் அப்பாவுடையது! பின்னால் நின்று பார்த்த அவள் ஒன்றும் சொல்லவில்லை. "என் நோட்டைத் திருப்பித் தர்றியா?" என்று மட்டும் கேட்டாள்.

கணினி விரல் தொட்டதை நினைவில் வைக்கும். யார் நினைத்தார், யார் அலைந்தார், யார் கேட்டுக் கேட்டு எழுதினார் என்பதை அது அறியாது. எவ்வளவு திறமையாக வடிவமைத்தாலும் இந்த ஓர் இடத்தைக் குழுவில் இருப்பவர்கள்தாம் நிரப்ப வேண்டும்.

இவ்வாண்டு எங்கள் விதிகள்

இவ்வாண்டும் அதே எட்டுப் பேர் ஒரு குழுவானோம். 'நம் ஊர்ச் சந்தை' என்ற தலைப்பில் எழுதினோம். வேலையைத் தொடங்குமுன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கீழ்க்கண்ட விதிகளை வகுத்துக்கொண்டோம். பிற வகுப்பினருக்கும் இவை பயன்படலாம் என்பதால் இங்கே தருகிறேன்.

1. பெரிய மாற்றம் எதையும் செய்யுமுன் உரையாடல் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும்.

2. பிறர் எழுதியதை நீக்கக் கூடாது. ஐயம் இருந்தால் ஓரத்தில் குறிப்பு எழுதலாம், எழுதியவரே திருத்தட்டும்.

3. வீட்டில் யாருடைய கைப்பேசியில் எழுதினாலும், எழுதியது யார் என்று பகுதியின் கீழே சொந்தப் பெயரை இட வேண்டும்.

4. ஒவ்வொருவருக்கும் கிறுக்கிப் பார்க்கத் தனிப் பக்கம் உண்டு. அதை மற்றவர் கேட்காமல் பார்க்கக் கூடாது.

5. ஒருத்தியின் பகுதியை இன்னொருத்தி நாளுக்கு ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

6. கைப்பேசி இல்லாதவர் கையால் எழுதித் தரலாம். தட்டச்சுச் செய்பவர், எழுதியவர் பெயரை முதலில் இட வேண்டும்.

7. ஏதேனும் காணாமற்போனால் முதலில் வரலாற்றைப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் கோபப்படலாம்!

ஏழாவது விதியை எழுதியது என் உயிர்த்தோழி. எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனாலும் அன்று குழுவில் நான் எழுதிய அந்த ஒரு வரியை எந்தப் பொத்தானாலும் திரும்ப எடுக்க முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கணினியில் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். மனிதர்களுக்கிடையே மன்னிப்புக் கேட்டுவிட்டு முன்னேதான் போக வேண்டும்.

இணையத்தில் குழுவாகப் பணி செய்யும் வாய்ப்பு நமக்கு இனி மேல்வகுப்புகளிலும் கல்லூரியிலும் அலுவலகத்திலும் வரத்தான் போகிறது. கருவிகள் மாறும், பெயர்கள் மாறும். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிய வேண்டும், தவறு செய்தால் திருத்த வழி வேண்டும், பேச ஒரு நிழல் வேண்டும், உழைத்தவர் பெயர் நிற்க வேண்டும் என்ற நான்கும் மாறா. இவற்றைப் பெரியோர்கள் தேரோட்டத்திலேயே அறிந்திருந்தார்கள்.

எங்கள் சந்தைக் கட்டுரை அச்சாகி இப்போது வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது. அதன் முதல் பக்கத்தில் எட்டுப் பெயர்கள் இருக்கின்றன. முதலில் இருப்பது எங்கள் விடுதித் தோழியின் பெயர். அவளுடைய இரண்டாவது நாற்பது பக்க நோட்டும் அதன் கீழேயே ஒரு நூலில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. வகுப்புக்கு வருபவர்கள் அன்புகூர்ந்து அதையும் புரட்டிப் பாருங்கள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி